லிட்டருக்குப் பதினாலு

"டர்போவா? லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கறது?"

பெண்ணைப் பெற்றவர் முதல் கேள்வியாக இதைக் கேட்பார் என்று சாய்நாத் எதிர்பார்க்கவில்லை. பெசன்ட் நகரில் தன் வீட்டு வாசலில், சிவப்புக் காருக்குப் பக்கத்தில் நின்று கையைப் பிசைந்தான்.

"அது வந்து... சரியாத் தெரியலை மாமா."

"பரவாயில்லை. மயிலாப்பூர்ல என்னைக் கொண்டு விடுங்கோ. இறங்கறப்போ பார்த்துக்கலாம்."

சங்கரன் ஜாதகத்தைவிட மைலேஜை அதிகம் நம்புகிறவர். இந்தக் காலத்துப் பையன்கள் வேகக் கார் வாங்குவதை அவரால் தடுக்க முடியாது. ஆனால், அதை எப்படி ஓட்டுகிறார்கள் என்று பார்க்கலாம் அல்லவா? டர்போ வண்டியிடம் எதையும் மறைக்க முடியாது. பதமாக மிதித்தால் சின்னக் கார் மாதிரி சிக்கனமாகப் போகும். சிக்னலுக்குச் சிக்னல் அழுத்தினால் பெட்ரோலை மடக் மடக்கென்று குடிக்கும். ஓட்டுகிறவனின் பொறுமை, லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று திரையில் அப்படியே எண்ணாக எழுந்து நிற்கும்.

போன மாதம் பார்த்த வரன் குருபிரசாத்தின் கார் ஆறு காட்டியது. மறுநாளே ஜாதகத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். "நம்மாத்துப் பொண்ணை ஒரு அவசரக்காரன்கிட்ட கொடுக்கறதா?" என்று மனைவி கோமளத்திடம் சத்தம் போட்டார். இன்றைக்கும் எண் குறைவாக இருந்தால், சாய்நாத்தின் ஜாதகமும் நாளைக் காலையில் திரும்பிவிடும்.

சாய்நாத் கார்க் கதவைத் திறந்தான். ஓட்டுகிறவரின் சீட் ஸ்டீயரிங்கை ஒட்டினாற்போல் முன்னால் தள்ளியிருந்தது. அவன் உயரத்துக்கு அதில் முழங்காலைக்கூட மடக்க முடியாது. அவசரமாகப் பின்னால் நகர்த்தினான்.

"வாட்டர் வாஷுக்கு விட்டிருந்தேளோ?" என்றார் சங்கரன்.

"ஆ... ஆமாம் மாமா."

கார் ஒரு குதி குதித்துக் கிளம்பியது. அடையாறு சிக்னலில் பச்சை விழுந்ததும் இன்னொரு குதி. அடுத்த நொடியே பிரேக். பக்கத்தில் வந்த ஆட்டோக்காரர் தலையை நீட்டினார்.

"இன்னா நைனா, பறக்கப் போறியா? முன்னாடி பஸ்ஸு நிக்கிறது கண்ணுக்குத் தெரிலியா?"

சங்கரன் சீட் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு, முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். மனசுக்குள் ஆறு என்று எழுதிவிட்டார். ஐந்தாக இருந்தாலும் ஆச்சரியமில்லை.

"மன்னிக்கணும் மாமா. நீங்க பக்கத்துல உட்கார்ந்திருக்கறது கொஞ்சம் நடுக்கமா இருக்கு."

"என் பொண்ணும் இப்படித்தான் அவசரப்படுவா. லைசென்ஸ் வாங்கி வெச்சுண்டு காரைக் கொடு, காரைக் கொடுன்னு உயிரை வாங்கறா. நான் சாவியைத் தொட விட்டதில்லை. பெருங்குடி ஆபீஸுக்குக் கேப்லதான் போயிண்டிருக்கா."

சாய்நாத்துக்குத் திடீரென்று புரையேறிற்று.

மாட வீதியில், சங்கரன் வீட்டு வாசலில் கார் நின்றது. "இப்போ காட்டுங்கோ" என்று சங்கரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

சாய்நாத் திரையைத் தொட்டுத் தொட்டு, எங்கெங்கோ போய், கடைசியில் கண்டுபிடித்தான். போன தடவை பெட்ரோல் போட்டதிலிருந்து லிட்டருக்குப் பதினாலு.

சங்கரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். பதினாலேதான்.

"இந்த டிராஃபிக்லயா? எப்படி?"

"ஒண்ணுமில்லை மாமா. சிவப்பு விளக்கு தூரத்துல தெரியறப்போவே காலை எடுத்துடணும். கிளம்பறச்சே முட்டை மேல காலை வைக்கற மாதிரி மிதிக்கணும்."

"பேஷ்! யார் சொல்லிக் கொடுத்தா?"

"ஃப்ரெண்ட் ஒருத்தர்."

"நல்ல சிநேகிதம். கல்யாணத்துக்கு அவரை அவசியம் கூப்பிடணும்."

"அவர் வராம நடக்காது மாமா."

சங்கரன் வாய்விட்டுச் சிரித்தார். அடையாற்றில் போட்ட குதியெல்லாம் பயத்தில் வந்தது. பாவம், நல்ல பையன். கீழே இறங்கி, வேஷ்டியைச் சரிசெய்துகொண்டு, "அப்பா அம்மாவை அழைச்சுண்டு சீக்கிரம் வாங்கோ, மாப்ளே" என்றார்.

மாடிப்படியிலேயே அவர் குரல் வீட்டுக்குள் போய்விட்டது.

"கோமளம், பாயசம் வை! பையன் தங்கம்!"

மகள் மதுவந்தி லேப்டாப்பை மூடிவிட்டு ஓடிவந்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது. "நிஜமாவாப்பா? பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்காவா? டர்போ வண்டியை இந்த ஊர்ல ஓட்டிப் பதினாலு காட்டறான்! காலா அது? என்ன நிதானம்! நீயும் இருக்கியே, கையில வண்டி கிடைச்சா ஆக்சிலரேட்டரை ஏறி மிதிப்பே. கல்யாணத்துக்கப்புறமாவது அவன்கிட்ட டிரைவிங் கத்துக்கோ."

அந்தக் கடைசி வார்த்தைதான் மதுவந்திக்குப் பொறுக்கவில்லை.

"அவன்கிட்ட நான் கத்துக்கணுமா? நேத்து பெருங்குடிலேர்ந்து அவன் காரை நான் ஓட்டிண்டு வந்து நிறுத்தறச்சே பதினாறு இருந்ததுப்பா!"