பேருந்து மட்டும்

அபராதம் போட்ட போக்குவரத்துப் பலகையே மேல்முறையீட்டையும் விசாரிக்கும் என்பது இப்போதைய விதி. கோர்ட்டுக்கு அலைய வேண்டியதில்லை என்று பெருமையாக விளம்பரம் செய்தார்கள். டாக்சி ஓட்டும் தணிகைவேல் சிக்னலில் அந்தப் பலகைக்கு முன்னால் கைகட்டி நின்றான். தீர்ப்பு வரும்வரை அவன் வண்டி கிளம்பாது.

"பஸ்ஸு போற வழின்னு எனக்கு எப்படிங்க தெரியும்? ரோட்டுல மஞ்சக் கோடு அழிஞ்சு கெடக்கு. உங்க மேலயும் போஸ்டர் ஒட்டியிருக்கு."

"என்ன போஸ்டர்?" என்று கேட்டது பலகை.

"கண்ணீர் அஞ்சலிங்க. எங்கம்மா தவறுனதுக்கு ஸ்டாண்டு பசங்க ஒட்டுனது."

"'பேருந்து மட்டும்' என்ற எழுத்து தெரிகிறதா என்று ஆய்வு செய்ய வேண்டும். போஸ்டரை அகற்றவும்."

"எடுத்துட்டா தெரியத்தானேங்க செய்யும்?"

"ஆய்வுக்கு மறுத்தால் மனு தள்ளுபடி."

தண்ணீரை ஊற்றி நகத்தால் மெல்லச் சுரண்டினான். பசங்க பாசத்தோடு ஒட்டியிருந்தார்கள். மைதாப் பசை விடவில்லை. அம்மாவின் முகம் இரண்டாகக் கிழிந்துதான் வந்தது.

"எழுத்து தெளிவாகத் தெரிகிறது. மேல்முறையீடு தள்ளுபடி" என்றது பலகை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தாயாரின் மறைவுக்கு எங்கள் ஆழ்ந்த இரங்கல்" என்றது.