குறைக்காமல் ஏத்துங்க

“பாட்டெல்லாம் வேணாம் தம்பி. இந்தப் போன்ல பதிஞ்சிருக்கிறத மட்டும் பென்டிரைவ்ல ஏத்திக் குடுங்க. கொஞ்சங்கூடக் கொறைக்காம.”

கிஷாந்த் நிமிர்ந்து பார்த்தான். வீரய்யா. டிக்கோயாவில் அக்கா ஜெயந்தினி வாழ்க்கைப்பட்டுப் போன தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், அவளுக்கு அடுத்த வீட்டுக்காரர். ஹட்டனில் அவன் வேலை பார்க்கும் பாட்டுக் கடைக்கு அவர் வருவது இது இரண்டாவது தடவை.

“போன வாரமும் ஏத்திக் குடுத்தேனே அண்ணே?”

“அதுல மழை மட்டுந்தான் கேக்குதுன்னுட்டாங்க.”

“யாரு?”

வீரய்யா தெருவைப் பார்த்தார். “கேக்கவேண்டியவங்க.”

ஒரு சிப்பில் ஆயிரம் பாட்டு வேண்டுமென்று வருகிறவர்களுக்காக, எல்லாவற்றையும் சுருக்கியே ஏற்றுவது கடை வழக்கம். போன வாரம் அதே கைப்பழக்கத்தில் இவருடைய இருநூறு எம்பி பதிவையும் இருபதாக்கிவிட்டான். அப்படிச் சுருக்கும்போது, பெரிய சத்தத்துக்கு அடியில் கிடக்கும் சின்னச் சத்தங்களைத்தான் கம்ப்யூட்டர் முதலில் வெட்டும். பாட்டில் அது யாருக்கும் தெரிவதில்லை.

மழைக்கு அடியில் எந்தச் சின்னச் சத்தம் இவருக்கு வேண்டும்?

“சரியா ஏறுதான்னு பாக்கிறேன்” என்று ஹெட்போனை மாட்டினான்.

“நீங்க கேக்க வேணாம் தம்பி. ஏத்துனாப் போதும்.”

அதற்குள் கேட்டுவிட்டது. தகரத்தில் மழை. அதற்கடியில் ஒரு பெண்ணின் இருமல். பிறகு சிரிப்பு. அந்தச் சிரிப்பு அவன் பிறந்ததிலிருந்து கேட்டுவந்தது.

தப்பாக நினைக்கிறோமோ என்று ஒரு கணம் தயங்கினான். தேதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஆறு நாள், ஆறு பதிவு. எல்லாமே மச்சான் கொழும்புக்கு வேலைக்குப் போன பிறகு.

“இது எங்க அக்கா.”

“ஆமா.”

“அவ வீட்டுச் சுவத்துலயா போனை வச்சீங்க?”

“பின்பக்கம். வெளிய நின்னு.” அவர் குரல் இறங்கியது. “அவளுக்கு மட்டும் தெரியவேணாம் தம்பி.”

கிஷாந்த் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது.

“வயசுக்கு மரியாதை குடுத்துப் பேசிக்கிட்டிருக்கேன். எட்டு மாசப் புள்ளத்தாச்சி தனியா இருக்கிற வீட்டுல ஒட்டுக் கேக்கிறீங்களே, நீங்கல்லாம் மனுசனா? நடங்க போலீசுக்கு!”

“போகலாம். மொதல்ல அந்தச் சிரிப்பு முடிஞ்சதுக்கப்புறம் என்ன வருதுன்னு கேளுங்க.”

அவர் கெஞ்சவில்லை, ஓடப் பார்க்கவும் இல்லை. அதனாலேயே கிஷாந்த் மறுபடி ஹெட்போனை மாட்டினான்.

மழை. சிரிப்பு. அப்புறம் மிக மெல்ல, காய்ந்த முறுக்கை யாரோ கடிப்பதுபோல் ‘நறுக்’கென்று ஒன்று. மூன்றாவது பதிவில் நாலைந்து தடவை. ஆறாவதில் விடாமல்.

“அக்கா வீட்டுக்குள்ள என்ன சத்தம் இது?”

“வீட்டுக்குள்ள இல்ல தம்பி. வீட்டுக்குப் பின்னால நிக்கிற மலை. உள்ளுக்குள்ள வெடிக்குது; புள்ளத்தாச்சி பயந்துருவான்னுதான் அவகிட்டச் சொல்லல.” வீரய்யா பென்டிரைவை நீட்டினார். “ஆதாரமில்லாம ஆளுகளப் பயங்காட்டாதேன்னு தோட்டத்துத் தொரை ஏசுறாரு. மண்சரிவு பாக்கிற ஆபீசர்கிட்டப் போனேன். நீங்க சுருக்கிக் குடுத்ததக் கேட்டுட்டு, வெறும் மழைன்னு அனுப்பிட்டாரு.”

கிஷாந்த் பென்டிரைவை வாங்கவில்லை; அக்காவின் நம்பரை அழுத்திக்கொண்டிருந்தான்.