அறுபத்திரண்டு அடி

"பிச்சாவரமா? அது இன்னாய்யா ஊரு? பேரே தட்டேந்தி நிக்கற மாதிரி கீது!"

கேன்டீனே சிரித்தது. கோதண்டத்துக்கு அது போதும். மறைமலை நகர் கம்பெனியின் அசெம்பிளி லைனில் சிரிக்க நாலு பேர் கிடைத்துவிட்டால் அவன் வாயை மூட மாட்டான்.

பாண்டுரங்கன் சிரிக்கவில்லை. அவன் இன்ஸ்பெக்ஷன் பிரிவு. எதையும் அளந்து பார்ப்பதே பிழைப்பு. சட்டைப் பையில் டேப்பும் ஒரு குட்டி நோட்டும் எப்போதும் இருக்கும். இந்த வருஷம் டூருக்குச் செக்ரட்டரியும் அவன்தான்.

"சிதம்பரத்துக்குப் பக்கத்தில கீது. தண்ணிக்குள்ளயே காடு. படகுல போய்ப் பாக்கணும்."

"ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடுன்னு ஜம்முனு போய்க்கினு இருந்தோம். இப்ப சேத்துல எறங்கணுமா? சரி, அடுத்த வருஷம்?"

"கோடிக்கரை. அதுக்கப்புறம் பழவேற்காடு."

"யாருமே போவாத ஊராப் பொறுக்கிக்கினு வர்றியே! மலைங்க மேல உனக்கு இன்னாய்யா கோவம்?"

பாண்டுரங்கன் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

கோதண்டம் சும்மா விடுவானா? மறுநாள் ஷிப்ட் முடிவதற்குள் லைன் முழுக்கச் செய்தி பரவியது. பாண்டுரங்கனின் மாமியார் வீடு சிதம்பரம் பக்கமாம். போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் சிதம்பரம் பஸ்ஸில் ஏறியதை அதே லைனில் வேலை செய்யும் ரகுபதியே கண்ணால் பார்த்தானாம்.

"மாமியார் வூட்டு விருந்துக்கு நம்ம அம்பது பேரும் தொணை!"

கை தூக்கி ஓட்டெடுத்தார்கள். இரண்டே கை வித்தியாசத்தில் பிச்சாவரம் பிழைத்தது. கையே தூக்காதவன் ஸ்டோர்ஸ் நாகப்பன் ஒருத்தன்தான்.

"எந்த ஊரா இருந்தா எனக்கு இன்னா? லக்கேஜை நான் பாத்துக்கறேன்" என்றான்.

ஆறு வருஷமாக எல்லா டூரிலும் நாகப்பனுக்கு அதுதான் வேலை. பஸ் நின்றதும், "நீங்க போய்ட்டு வாங்கப்பா, நான் லக்கேஜைப் பாத்துக்கறேன்" என்பான். அதில் அவனுக்கு அப்படியொரு இஷ்டம் என்று எல்லாருக்கும் நினைப்பு. லக்கேஜ் நாகப்பன் என்றே பேராகிவிட்டது.

மார்கழி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலையில் ஒரகடம் கூட்டு ரோட்டில் ஏறியவர்கள் பத்தரை மணிக்குப் பிச்சாவரத்தில் இறங்கினார்கள். முதல் படகில் கோதண்டம் முண்டியடித்து ஏறினான். குறை சொல்ல முன் சீட்டுதானே வசதி! பாண்டுரங்கன் மற்றவர்களை ஏற்றிவிட்டுக் கடைசியில் அதே படகுக்கு வந்து சேர்ந்தான்.

படகு அகலமான தண்ணீரைத் தாண்டி, ஒரு குறுகலான கால்வாய்க்குள் திரும்பியது. கோதண்டத்தின் பேச்சு பாதியில் நின்றது.

இரண்டு பக்கமும் சுரபுன்னை மரங்கள். கிளையிலிருந்தே வேர்கள் வளைந்து வளைந்து தண்ணீருக்குள் இறங்கியிருந்தன. எது வேர், எது அதன் நிழல் என்று தெரியவில்லை. தலைக்கு மேலே கிளைகள் ஒன்றோடொன்று கைகோத்திருந்தன. வெயில்கூடப் பச்சையாகத்தான் உள்ளே வந்தது. துடுப்பு தண்ணீரைத் தொடும் சத்தம் தவிர வேறு சத்தமே இல்லை. நாள் முழுக்க மெஷின் இரைச்சலில் கிடக்கிற காதுகளுக்கு அதை நம்பவே முடியவில்லை.

"எல்லாம் உப்புத்தண்ணிங்க" என்றார் படகுக்காரர். "உப்பைக் குடிச்சே இதுங்க இப்பிடி நிக்குது."

கோதண்டம் கையைத் தண்ணீரில் விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். உப்புதான். ஏனோ அவனுக்குக் கண் கலங்கியது.

"பாண்டு... இது நம்ம தமிழ்நாட்லதான் கீதா?"

"இங்கதான் கீது."

"நான் தப்பாப் பேசிட்டேன்யா. உன் மாமியார் வூடு இந்தப் பக்கம் இருந்தா இன்னா, இருந்துட்டுப் போவட்டும்."

"என் மாமியார் வூடு சேரப்பணஞ்சேரியில கீது."

"அட! அப்ப போன மாசம் நீ இன்னாத்துக்கு இங்க வந்தே?"

பாண்டுரங்கன் குட்டி நோட்டை எடுத்து நீட்டினான். அடுத்தடுத்த டூர்களுக்கு அவன் போட்டு வைத்த திட்டம். எந்த ஊருக்கு நேராகவும் ரயில் நேரமோ ஹோட்டல் பேரோ இல்லை.

'கொல்லிமலை அருவி: நூற்றுக்கணக்கில் படி. வேண்டாம்.'

'ஏலகிரி: ஏற்றம் அதிகம். வேண்டாம்.'

'பழவேற்காடு: ஏரி. படகு. ஒரு நாள் போய் அளக்கணும்.'

'பிச்சாவரம்: பஸ்ஸிலிருந்து படகுக்கு 62 அடி. படி மூணு. கைப்பிடி உண்டு. சரி.'

"இன்னாய்யா இது? ஊரு சுத்திப் பாக்க வர்றவன் படியையா எண்ணிக்கினு இருப்பான்?"

அப்போது பக்கத்துக் கால்வாயிலிருந்து இன்னொரு படகு வெளியே வந்தது. அதன் முன்பக்கத்தில், சூம்பிப்போன வலது காலை நீட்டி, ஊன்றுகோலை மடியில் கிடத்தி, ஒருவன் அண்ணாந்து அந்தப் பச்சைக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான். வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. ஒரு கை தண்ணீரைக் கோதிக்கொண்டே வந்தது.

கோதண்டம் பதறிப் போனான்.

"யோவ், அது நம்ம நாகப்பன்யா! இவன் இங்க வந்துட்டா, அங்க லக்கேஜை யாரு பாத்துக்கறது?"

பாண்டுரங்கன் நோட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, அந்தப் படகுக்குக் கேட்காதபடி சொன்னான்.

"டிரைவரும் கிளீனரும். ஆறு வருஷமா அவங்க பஸ்ஸிலதான்யா படுத்துக்கினு கீறாங்க."