தட்டில் நெளிந்த நூல்

மகளின் உயிருக்கு ஆஸ்பத்திரி சொன்ன விலை நாற்பதாயிரம். நூல்கடைக்காரர் வாழ்க்கையில் முதல் தடவையாக, சொன்ன விலைக்கு அப்படியே தலையாட்டினார்.

குடல்வால் வீங்கியிருக்கிறது, வெடித்தால் பிள்ளை தங்காது என்ற பிறகு எங்கே பேரம் பேசுவது?

ஆபரேஷன் அறைக்கு வெளியே பெஞ்சின் ஒரு முனையில் அவர். மறுமுனையில் மனைவி.

வாசலோரம் அவருடைய அண்ணன், கக்கத்தில் எதையோ இடுக்கியபடி நின்றிருந்தார். வீட்டுக்கு நடுவே சுவர் எழுப்பிப் பாகம் பிரித்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. அன்று கத்தரிக்கோலைக்கூட எண்ணி எடுத்துக்கொண்டவர்கள்.

"இவருக்கு யாரு சொல்லி அனுப்பினது?" என்று மனைவியிடம் பல்லைக் கடித்தார் நூல்கடைக்காரர்.



கதவு திறந்தது. டாக்டர் முகத்தில் சிரிப்பில்லை. கையில் ஒரு எஃகுத் தட்டு.

தட்டில், கீறிப் பிளந்த குடல்வால். அதற்குள் வெள்ளையாய் ஒரு நூல் துண்டு.

நூல்கடைக்காரருக்கு ரத்தம் தலைக்கேறியது.

"இந்த நூல்லயா எம் பொண்ணைத் தைக்கிறீங்க? எங்க கடையில பட்டன் தைக்கக் குடுக்கற மட்ட நூலு இது! அவ வயிறு என்ன கிழிஞ்ச சட்டையா?"

நூல் மெல்லத் தலையைத் தூக்கியது.

பக்கத்தில் இன்னொன்று நெளிந்தது.

"கீரிப்பூச்சி," என்றார் டாக்டர். "ரொம்ப அபூர்வமா இப்படிக் குடல்வால்ல புகுந்து உயிருக்கே உலை வைக்கும். பாப்பா பிழைச்சுட்டா. ஆனா அவகூடப் புழங்குற எல்லாரும் மாத்திரை சாப்பிடணும். ஒருத்தரை விட்டாலும் திரும்ப அவ வயித்துக்குத்தான் வரும். எத்தனை பேரு?"

"நான், இவ, பையன், பாப்பா. நாலு."

"ஒம்பது," என்றாள் மனைவி, தரையைப் பார்த்தபடி.

"கணக்கு மறந்துபோச்சா உனக்கு?"

"நீங்க கடைக்குக் கிளம்பினதும் அவ பின்வாசல் வழியா அந்தப் பக்கம் ஓடிடுவா. மத்தியானத் தூக்கம் பெரியப்பா பிள்ளைங்களோட ஒரே பாயிலதான்."

டாக்டர் பேனாவைத் திறந்துகொண்டு நின்றார். "நாலா, ஒம்பதா?"

நூல்கடைக்காரர் வாசலைப் பார்த்தார். அண்ணன் கக்கத்தில் இருந்தது பூப்போட்ட ஒரு சின்னத் தலையணை. வீட்டில் காணவில்லை என்று இவர் தேடிச் சலித்தது. அது இல்லாமல் பாப்பாவுக்குத் தூக்கம் வராது.

டாக்டர் பக்கம் திரும்பினார்.

"இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் அஞ்சு. ஒம்பது. சேர்த்தே எழுதுங்க, டாக்டர்."