மூன்றாவது நடைமேடை

"பாசஞ்சர் ரயில் மூன்றாவது நடைமேடைக்கு வரும்" என்றது ஒலிபெருக்கி.

ஓர் அம்மாவும் மகனும் மட்டும் பைகளைத் தூக்கிக்கொண்டு மேம்பாலத்துக்கு ஓடினார்கள். தினமும் வருகிறவர்கள் யாரும் அசையவில்லை. பாசஞ்சர் என்றைக்கும் முதலாவதில்தான் நிற்கும்.

"சீக்கிரம் வாடா, பொண்ணு வீட்டுல காத்திருப்பாங்க. அறிவிக்கிறவளுக்கு என்னமா குரல், தேனா இனிக்குது!"

முதலாவதில் வந்து நின்ற ரயில், அவர்கள் திரும்பவும் பாலம் ஏறி இறங்குவதற்குள் கிளம்பிவிட்டது. அடுத்தது சாயங்காலம்தான்.

அறிவிப்பு அறையின் கண்ணாடி வழியாகக் கண்குளிரப் பார்த்தேன். போன வருடம் என்னைப் பெண் பார்க்க வந்து, "மூஞ்சி பரவாயில்ல, குரல்தான் தகரத்தைக் கீறுற மாதிரி இருக்கு" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போன அதே அம்மா.

மைக்கை அருகில் இழுத்தேன்.

"தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்றேன், தேனாக.