பதினைந்தாவது ஆட்டம்

"ஐயோ, கால் போச்சே" என்று அலறியபடி கேப்டன் மைதானத்தில் சுருண்டு விழுந்தபோது ஆட்டம் முடிய ஆறே நிமிடம் இருந்தது. இடது முழங்காலை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உருண்டார். முப்பத்துநான்கு வயதுக் கால். ஒரு தடவை போனால் போனதுதான்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த சிட்டு துள்ளி எழுந்தான். அவன் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து அணிக்காரர்கள் வைத்த பெயர் அது. வயது இருபது.

அந்த ஹாக்கி கிளப்பில் ஒரு விதி உண்டு. ஒரே பருவத்தில் பதினைந்து ஆட்டத்தில் களமிறங்கிய பயிற்சி வீரனை நிரந்தர வீரனாக எடுத்தே ஆகவேண்டும். ஒரு நிமிடம் ஆடினாலும் அது ஓர் ஆட்டம்தான். அதனாலேயே சிட்டுவுக்கு முன்னால் வந்த மூன்று பேர் பதினாலோடு பெட்டியைக் கட்டினார்கள்.

சிட்டுவுக்கும் பதினாலு முடிந்துவிட்டது. இன்று பருவத்தின் கடைசி ஆட்டம். காலையில் உடை மாற்றும் அறைக் கதவுக்கு அந்தப் பக்கம் மேனேஜர் கோச்சிடம் சொன்னது அவன் காதில் தெளிவாக விழுந்தது. "பேருக்கு பெஞ்சுல உட்காரட்டும். உள்ள மட்டும் விட்டுடாதீங்க."

பக்கத்தில் மட்டைக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்த கேப்டனும் அதைக் கேட்டார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நமக்காக ஒரு வார்த்தை பேசினால் இவர் என்ன குறைந்தா போய்விடுவார் என்று சிட்டுவுக்கு நெஞ்சு வெந்தது.

இப்போது பெஞ்சில் ஆடக்கூடிய நிலையில் இருந்தது இரண்டே பேர். மாற்று கோல்கீப்பர் ஒருவர், சிட்டு ஒருவன். மற்ற இருவரில் ஒருவனுக்கு மூக்கில் அடி, இன்னொருவனுக்குத் தொடையில் பிடிப்பு.

மேனேஜர் கேலரியிலிருந்து தடதடவென்று இறங்கி ஓடிவந்தார். "பத்து பேரை வச்சே சமாளிங்க. ஆறு நிமிஷம்தானே?"

"ஒரு கோல் வாங்கினா கப்பு போச்சு" என்றார் கோச். "பத்திரிகைக்காரங்க கேட்டா நீங்களே பதில் சொல்லிக்கிறீங்களா?"

மேனேஜர் பத்திரிகைக்காரர்கள் இருந்த வரிசையைத் திரும்பிப் பார்த்தார். கோச் சிட்டுவின் பக்கம் திரும்பினார். "என்னடா வேடிக்கை பார்க்கிற? போ உள்ள."

கேப்டனை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு எதிரே வந்தார்கள். வலது முழங்காலைப் பிடித்தபடி முனகிக்கொண்டிருந்தார். "அண்ணே..." என்றான் சிட்டு.

"என்னை என்னடா பார்க்கிற, பந்தைப் பாரு" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

கோட்டைத் தாண்டிக் கால் வைத்தபோது அவனுக்குக் குபீரென்று ஒரு சந்தோஷம் வந்தது. அடுத்த நொடியே வெட்கமாகப் போய்விட்டது. அண்ணன் கால் உடைந்துதான் நமக்கு இடம் கிடைக்க வேண்டுமா? காலையில் அவரை மனசுக்குள் திட்டியது வேறு உறுத்தியது.

பேய் மாதிரி ஓடினான். கோல் ஒன்றும் போடவில்லை. மட்டைக்கு வந்த நல்ல பந்து ஒன்றைக் கோட்டை விட்டான். ஆனால் கடைசி நிமிடத்தில் எதிரணி ஆள் தனியாகப் பாய்ந்து வந்தபோது, பின்னாலேயே துரத்திப்போய் மட்டையை நீட்டிப் பந்தைத் தட்டிவிட்டான். இரண்டுக்கு இரண்டு. கப்புக்கு அது போதும்.

எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் குதித்தார்கள். மேசையில் இருந்த அதிகாரி ஆட்டத் தாளில் சிட்டுவின் எண்ணை எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. ஆட்டத் தாளைச் சந்தேகத்தோடு பார்த்தவர், "கேப்டனுக்கு எப்படி இருக்குன்னு நானே போய்ப் பார்க்கிறேன்" என்று கிளம்பினார்.

சிட்டு அதற்குள் மருத்துவ அறைக்கு ஓடியிருந்தான். டாக்டர் ஐஸ் எடுத்துவர வெளியே போயிருந்தார். கேப்டன் கழுத்து வரை போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"மன்னிச்சிடுங்கண்ணே" என்று தேம்பினான் சிட்டு. "உங்க கால் போய் எனக்கு இந்த இடம் வேண்டாம். எழுதிக் கொடுத்துட்டு ஊருக்கே போயிடறேன்."

கேப்டன் மெல்லத் திரும்பினார். ஒரு கண்ணை மட்டும் திறந்து வாசலைப் பார்த்தார். வராந்தாவில் மேனேஜரின் ஷூ சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"அழுகையை அப்புறம் வச்சுக்கலாம். சீக்கிரம் சொல்லு, நான் பிடிச்சுக்கிட்டுக் கத்தினது எந்தக் காலுடா?"