பெஞ்சின் ஓரம்

செண்பகவடிவின் கணவன் எங்கெல்லாம் வரக்கூடாது என்று பாதுகாப்பு உத்தரவில் எழுதிக்கொண்டிருந்தார் மாஜிஸ்திரேட் இன்னாசிமுத்து. அவளுடைய அம்மா வீடு, தையல் கம்பெனி, பிள்ளையின் பள்ளிக்கூடம். எல்லா வழக்கிலும் இந்த மூன்றுதான். "வேற எங்கயாவது உண்டாம்மா?" என்று வழக்கம்போலக் கேட்டுவிட்டுப் பேனாவை மூடப் போனார்.

அவள் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "பஸ் ஸ்டாண்டுல ஒரு சிமெண்டு பெஞ்சு இருக்குய்யா. வேலை முடிஞ்சு பத்து நிமிசம் அதுல சும்மா உக்காந்துட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். இப்ப அங்கயும் வந்து நிக்காரு."

கணவனின் வக்கீல் சிரித்தார். "பொது இடம்யா அது. பெஞ்சையெல்லாம் உத்தரவுல எழுத முடியுமா?"

"முழுசும் வேண்டாம்யா," என்றாள் அவள் அவசரமாக. "வேப்பமரத்து ஓரமா ஒரு ஆள் உக்கார்ற அளவு போதும்."

பதினெட்டு வருடமாக மாஜிஸ்திரேட் நாற்காலியில் இருப்பவர், வீட்டுக்கும் வேலைக்கும் நடுவில் ஒருத்திக்கு ஓர் இடம் இருக்கும் என்று நினைத்ததே இல்லை. நான்காவதாக எழுதினார்: பஸ் ஸ்டாண்டு, வேப்பமரத்தடி பெஞ்சு. பேனாவை மூடவில்லை. பிறகு பக்கத்தில், 'முழுவதும்' என்று சேர்த்தார்.